ரான்டி மார்ட்டின்ஸ்: கோல் கணக்கும் ஆள் கணக்கும்

இந்தியாவின் தேசிய உதைபந்தாட்ட லீக்கிலும், 2007இல் அதன் வழிவந்த ஐ-லீக்கிலும் மிக அதிகமான கோல்களை அடித்தவர் யார்? உதைபந்தாட்டத்தில் நாட்டமுள்ள நண்பர்களிடம் இக்கேள்வியை நான் அவ்வப்போது கேட்பதுண்டு. பைச்சுங் பூட்டியா என்பர் சிலர். சுனில் சேத்ரி என்பர் பலர். கேரளத்து ஐ.எம். விஜயனின் பெயரைச் சொல்வோரும் உளர். விடை இவர்களுள் எவருமல்லர். நைஜீரியாவில் 1986ஆம் ஆண்டு பிறந்து, 2004இல் கோவாவின் டெம்போ கழகத்தில் வந்து சேர்ந்த ரான்டி மார்ட்டின்ஸ் என்பவரே அவர். பன்னிரண்டு ஆண்டுகளில் 200க்கும் அதிகமான லீக் கோல்கள் அவர் பெயரில் உள்ளன.

இத்தனை கோல்களை அடித்தவர் தாய்நாடான நைஜீரியாவின் பச்சைச் சட்டையையும் அணியவில்லை. உழைத்த நாடான இந்தியாவின் நீலச் சட்டையையும் அணியவில்லை. கழகங்களின் சட்டைகளை மாத்திரமே அணிந்து, விளையாட்டு வாழ்வை முடித்துக்கொண்டவர். கந்தப்பளையில் பிறந்து, பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த ஒருவனுக்கு இவரைப்பற்றி எழுத என்ன வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அதற்குமுன் அவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு ஆபிரிக்க முன்கள வீரர்கள் இந்திய மைதானங்களுக்கு வந்தது ரான்டியுடன் தொடங்கியதன்று. 1980இல் ஈரானிய மாணவர்களான மஜீத் பிஸ்கரும் ஜம்ஷித் நசீரியும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஆடி இரசிகர்களைக் கிறங்கடித்தார்கள். அவர்களுக்குப் பின், அதே எண்பதுகளில், நைஜீரியாவைச் சேர்ந்த சீமா ஒகோரி மாணவராக இந்தியாவுக்கு வந்து, முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் என்று கழகம் மாறி ஆடினார். வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை நெடுங்காலமாகக் கட்டிக்காத்த மோகன் பகான், 1991இல் அக்கொள்கையைக் கைவிட்டது சீமாவுக்காகத்தான். அவர் இடையில் ஐரோப்பாவுக்குச் சென்று, இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி டவுன் போன்ற கழகங்களில் ஆடிவிட்டு மீண்டும் கொல்கத்தாவுக்கே திரும்பினார். 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி சால்ட் லேக் மைதானத்தில் ஏறத்தாழ 1,31,000 பேர் திரண்டு பார்த்த பெடரேஷன் கிண்ண அரையிறுதியில் பூட்டியா மூன்று கோல்களை அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மோகன் பகானின் அந்த ஒற்றைக் கோல் சீமாவுடையது என்பதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

சீமா பிறருக்கு வழியைத் திறந்தார். அவ்வழியே கானாவின் யூசிப் யாக்குபு, நைஜீரியாவின் டூடு ஒமக்பெமி, ஒடாபா ஒகோலி எனப் பலர் வந்தனர். ரான்டி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது.

அவர் சேர்ந்த பருவமே துக்கத்தோடு தொடங்கியது. டெம்போவின் முன்களத்தில் அப்போது பெருநட்சத்திரமாக இருந்தவர் பிறேசிலைச் சேர்ந்த கிறிஸ்டியானோ ஜூனியர். 2004 டிசம்பர் 5ஆம் திகதி பெங்களூரில் நடந்த பெடரேஷன் கிண்ண இறுதியாட்டத்தில், மோகன் பகானுக்கு எதிராகத் தம் இரண்டாவது கோலை அடித்த கணத்தில், பந்துக் காப்பாளருடன் மோதி வீழ்ந்தவர் எழவில்லை. டெம்போ 2-0 என வென்றது; வெற்றியைத் தேடித்தந்தவர் உயிருடன் இல்லை. மைதானத்தில் உரிய மருத்துவ வசதி இருக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அன்று பலமாக எழுந்தது. டெம்போ அவருடைய பத்தாம் இலக்கச் சட்டையை வேறெவருக்கும் வழங்குவதில்லை என முடிவெடுத்தது. தூரதேசத்திலிருந்து பிழைக்க வந்த பதினெட்டு வயது இளைஞன், தன்னைப் போலவே பிழைக்க வந்த மூத்தவர் ஒருவரின் மரணத்தோடு தன் தொழிலைத் தொடங்கினான் என்பதை எண்ணிப்பாருங்கள். அப்பருவத்தில் டெம்போ தேசிய லீக்கை வென்றது.

அதன் பின்னர் வந்தவை டெம்போவின் பொற்காலம் எனத்தக்க ஆண்டுகள். பயிற்றுநர் ஆர்மாண்டோ கொலாசோ, நடுக்களத்தில் கிளைமாக்ஸ் லோரன்ஸ், கிளிபர்ட் மிராண்டா, பந்தை அளந்து கொடுக்கும் பிறேசில்காரர் பெட்டோ, அதை வலைக்குள் சேர்க்க ரான்டி. 2004-05, 2006-07, 2007-08, 2009-10, 2011-12 என ஐந்து முறை இந்தியாவின் சம்பியன் பட்டத்தை டெம்போ பெற்றது. ஐந்திலும் ரான்டிக்குப் பங்குண்டு. 2008இல் அவ்வணி ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனக் கிண்ணத்தின் அரையிறுதி வரை சென்றது.

எண்களைப் பார்த்தால் அவருடைய உயரம் விளங்கும். 2010-11 பருவத்தில் 30 கோல்கள். 2011-12 பருவத்தில் 32. அணி மாறிய 2012-13 பருவத்தில் 26. தொடர்ந்து மூன்று பருவங்களில் 88 கோல்கள். ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 26 ஆட்டங்களே உண்டு என்ற நிலையில், ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட கோல் என்பது சாதாரண செய்தியன்று. இவருக்கு முன் 2006-07 முதல் நான்கு பருவங்களில் கோல் பட்டியலின் உச்சியில் இருந்தவர் சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் ஒடாபா. அதற்கும் முந்திய 2005-06 பருவத்தில் ரான்டி. ஆக, எட்டுப் பருவங்கள் அப்பட்டியலின் முதலிடம் இரண்டு நைஜீரியர்களிடமே இருந்தது.

2012இல் ரான்டி கோவாவை விட்டுக் கொல்கத்தாவின் பிரயாக் யுனைட்டெட் கழகத்துக்குச் சென்றார். 2006 உலகக் கிண்ணத்தில் கொஸ்டாரிக்காவுக்கு ஆடிய கார்லோஸ் ஹெர்னாண்டஸ் அங்கே அவருக்குத் துணை. ஒரு பருவம் எல்லாம் செழிப்பாக இருந்தது. 2013 ஏப்ரலில் வங்காளத்தில் சாரதா நிதி நிறுவனம் வீழ்ந்து, சீட்டு நிறுவனங்கள்மீது மக்களின் நம்பிக்கை சரிந்தபோது, அத்தகைய பணத்தில் நின்ற உதைபந்தாட்டக் கழகங்களும் ஆட்டம் கண்டன. பிரயாக் நிறுவனம் அணியை விட்டு விலகிற்று. நாட்டின் முதல்தரக் கோல் வீரர் அடுத்த பருவத்தில் மேகாலயத்தின் ரங்தாஜித் யுனைட்டெட் என்ற சிறு கழகத்துக்கு ஆடப்போனார். ஷில்லாங்கும் எங்கள் நுவரெலியாவைப்போல வெள்ளைக்காரன் குளிர் காய்வதற்கென்றே கட்டிய மலைநகரம். அங்கிருந்து 2014இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து, 2014-15 பருவத்தில் 17 கோல்களுடன் மீண்டும் முதலிடம்.

எங்கள் தோட்டங்களில் ‘பேர்’ என்றொரு சொல் உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆளைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது, குறித்த இறாத்தல் இருந்தால் ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். அரைப்பேருக்கு அரைநாட் சம்பளம். மழையோ, செடி கவ்வாத்து முடிந்து துளிர்க்காததோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, எதுவும் கணக்கில் வராது. தராசு சொல்வதுதான் கணக்கு. வெளிநாட்டு முன்கள வீரனின் தொழிலைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். உள்ளூர்ப் பின்கள வீரர் நான்கு ஆட்டங்களில் தடுமாறினால் ‘காலம் சரியில்லை’ என்பார்கள். நைஜீரியன் நான்கு ஆட்டங்களில் கோல் அடிக்காவிட்டால், அடுத்தவனை அழைத்துவர முகவருக்குத் தொலைபேசி அழைப்புப் போகும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு மாலையும் தராசில் நின்று முழுப்பேர் வாங்கியவர் ரான்டி. இதை அவருடைய கோல் எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தியாக நான் கருதுகிறேன்.

இனி, இவர்களைக் குறித்த முறைப்பாட்டுக்கு வருவோம். ‘வெளிநாட்டு முன்கள வீரர்கள் வந்துதான் இந்திய முன்கள வீரர்கள் அழிந்தார்கள்’ என்பது அது. பத்திரிகைகளில் ஆண்டுதோறும் இதனை வாசிக்கலாம். இதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனி வலியும் உண்டு. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல்களை அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ராமன் விஜயன். கேரளத்து ஐ.எம். விஜயன் வேறு, இவர் வேறு. கொச்சின் கழகத்துக்காக 10 கோல்களை அடித்தார். அதன்பின் ஓர் இந்தியர் அப்பட்டியலின் உச்சிக்கு வருவதற்கு 2013-14 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அப்போதும் சுனில் சேத்ரி, ஸ்கொட்லாந்தின் டாரில் டபி, டிரினிடாட்டின் கோர்னெல் கிளென் ஆகிய இருவருடன் 14 கோல்களில் சமநிலை கண்டே அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள். இந்திய அணி கோலுக்கு முன்னே தட்டுத்தடுமாறியதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என எவரும் சொல்லிவிட இயலாது.

ஆனால் பழியை எங்கே இறக்கிவைப்பது என்பதுதான் கேள்வி. ராமன் விஜயன் ஆடிய கொச்சின் கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைக் கழகம் என்று ஆரவாரத்தோடு 1997இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பணமின்றி நொடிந்துபோயிற்று. அதை நொடிக்கச் செய்தது எந்த ஆபிரிக்கனும் அல்லன். சிறுவர்களுக்கு அணி வைக்காமல், பயிற்சிக் கூடம் கட்டாமல், இவ்வாண்டுக் கிண்ணத்தை இவ்வாண்டே வெல்லவேண்டும் என்று ஆயத்தமான ஆளை விலைக்கு வாங்கியவர்கள் கழக உரிமையாளர்கள். உயரமும் பலமும் வேண்டும், ஐந்து வருடம் பொறுத்து வளர்க்க நேரமில்லை என்று கணக்குப் போட்டவர்களும் அவர்களே. கூலிக்கு வந்தவன் தனக்கு இட்ட வேலையைச் செய்தான். அதையும் மிக நன்றாகச் செய்தான். நன்றாகச் செய்ததே அவன் குற்றமாகிவிட்டது.

இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் என் காது கூர்மையாகிவிடுகிறது. ஏனெனில் இது எனக்குப் பழக்கமான வாதம். மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பியும் தேயிலையும் பயிரிட ஆள் வேண்டுமென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோரை அழைத்துவந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். இலாபம் கண்டது இலண்டன். பழி விழுந்ததோ கொழுந்துக் கூடையைச் சுமந்தவள்மீது. கண்டிய விவசாயியின் நிலத்தைப் பறித்தவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு, அந்நிலத்தில் கூலிக்கு நின்றவனை அந்நியன் என்றார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏழு இலட்சம் அளவிலான மக்கள் ஒரு பேனாக் கீறலில் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏற்றுமதித் தேயிலையின் கணக்கு இறாத்தல் தவறாமல் இருந்தது. அதைப் பறித்த ஆளின் கணக்குத்தான் ஒருவரிடமும் இருக்கவில்லை.

எங்கள் தோட்டத்து அணியின் முன்கள வீரர் ஒருவரை இங்கே நினைவுகூர்கிறேன். தொழிற்சாலைக்குக் கீழே, ஒருபக்கம் சரிந்த ஒரு துண்டு நிலம்தான் மைதானம். பந்து தப்பினால் தேயிலைச் சரிவில் உருண்டு ஆற்றுப்பக்கம் போய்விடும். எடுத்துவரும் வேலை எங்களைப் போன்ற பொடியன்களுக்கு. மாலைப் பனி இறங்கியபின் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். வெறுங்காலால் அவர் அடிக்கும் பந்து பனிக்குள் மறையும்; மறுபுறத்தில் கூச்சல் எழுந்தால் கோல் என்று நாங்கள் அறிந்துகொள்வோம். எழுபதுகளில் அவருடைய குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போய், பின்னர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளின் பின் வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள்; இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். மற்றபடி சுகம் என்று எழுதியிருந்தார். உதைபந்தாட்டத்தைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ரான்டியையும் எங்கள் மக்களையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, விமானத்தில் வந்து, நல்ல ஊதியம் பெற்றவர். விரும்பினால் திரும்பிப்போகக் கடவுச்சீட்டு இருந்தது. எங்கள் முப்பாட்டன்மாருக்கு அவற்றுள் ஒன்றும் இருக்கவில்லை. துண்டுமுறையில் ஏறிய கடனோடு, மாத்தளைப் பாதையில் நடந்தே வந்தார்கள், வழியில் இறந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அழைத்தவனை விட்டுவிட்டு வந்தவனைக் குற்றம் சொல்லும் வாய் ஒன்றுதான். அந்த வாய் எங்கே திறந்தாலும் அதன் தொனியை நாங்கள் இனங்கண்டுகொள்வோம்.

இன்னொன்றும் உண்டு. மலபாரில் ஏழுபேர் ஆடும் ‘செவன்ஸ்’ போட்டிகள் பிரசித்தமானவை. அங்கே ஒவ்வோர் ஆண்டும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வீரர்கள் வந்து ஆடுகிறார்கள். அவர்கள் நைஜீரியராயினும், கானா நாட்டவராயினும், ஐவரி கோஸ்ட்காரராயினும், அங்குள்ள மக்கள் அவர்கள் எல்லோரையும் ‘சூடானி’ என்றே அழைப்பது வழக்கம். 2018இல் வெளிவந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம் இப்பெயர்க் குழப்பத்தையே தலைப்பாக்கிற்று. அன்போடுதான் அழைக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், தன் நாட்டின் பெயரைக்கூடச் சரியாகப் பெறாத ஒருவன், எத்தனை கோல் அடித்தால் தன் சொந்தப் பெயரைப் பெறுவான்? ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எங்கள் ஆசிரியர்களையும், எழுத்தாளர்களையும், வைத்தியர்களையும் அடக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு விளையாட்டுக் கேள்வி அன்று.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நாட்டின் அணிக்கு ஆட விரும்பும் வெளிநாட்டவர் தம் பழைய குடியுரிமையைத் துறக்கவேண்டும். ஜப்பானில் பிறந்த அராதா இசுமி அவ்வாறு துறந்து, 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். அவருடைய தந்தை இந்திய வம்சாவளியினர். அவுஸ்திரேலியாவின் ரயன் வில்லியம்ஸ் 2025இல் அதே வழியைத் தேர்ந்தார். அவருடைய தாய்வழி வேர் இந்தியாவில். இலங்கை அணியும் அண்மைக் காலத்தில் ஐரோப்பாவில் பிறந்த இலங்கையரின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அழைத்துவருகிறது. இவை நல்லவை. புலம்பெயர்ந்து வாழும் நம் வாசகர் பலருக்கு இவை நம்பிக்கை தரும் செய்திகளுமாகும். ஆயினும் இவற்றுள் எல்லாம் இரத்தம்தான் அளவுகோலாக இருக்கிறது. தாத்தா எங்கே பிறந்தார் என்று பார்க்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் வியர்வை சிந்தியவனுக்கு அந்த அளவுகோலில் கோடு கிடையாது. உழைப்பினால் ஒருவன் ஓரிடத்துக்கு உரியவனாகிறானா என்ற கேள்விக்கு, விடை சொல்ல இலங்கைக்கு 2003 வரை ஆயிற்று. அவ்வாண்டில்தான் நாடற்றிருந்த எஞ்சிய இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பின் பின்.

ரான்டி உச்சத்தைக் கடந்துகொண்டிருந்த வேளையில், 2014இல் ஐ.எஸ்.எல். என்ற புதிய போட்டி தொடங்கியது. ஐரோப்பாவில் ஓய்வை நெருங்கிய பெரும் பெயர்களைத் தேடிக் கோடிகளைக் கொட்டியது. இந்திய மண்ணில் 200 கோல்களைக் கடந்தவருக்கு அதில் இடமிருக்கவில்லை. 2022-23 பருவம் முதல் ஐ-லீக் இரண்டாம் அடுக்குப் போட்டியாகத் தாழ்ந்துவிட்டது. எனவே அவருடைய 32 கோல் சாதனை இன்று பட்டியலைப் புரட்டுவோர் கண்ணுக்கு இரண்டாந்தரப் போட்டியொன்றின் சாதனைபோலத் தோற்றமளிக்கிறது. அவர் அடித்த நாளில் அதுவே நாட்டின் முதற்போட்டி என்பதை அடிக்குறிப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

மேற்கு ஆபிரிக்கா என்றதும் நமக்கு லைபீரியாவின் ஜோர்ஜ் வேயா நினைவுக்கு வருவார். 1995இல் உலகின் சிறந்த வீரர் விருதைப் பெற்று, 2018 முதல் 2024 வரை தம் நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்தவர். அவர் வாழ்க்கையை நூல்களில் எழுதுவார்கள். ஒரு வேயாவுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான சீமாக்களும் ஒடாபாக்களும் ரான்டிகளும் கொல்கத்தா, கோவா, டாக்கா, கொழும்பு என்று ஆசியாவின் மைதானங்களில் பேர் போட்டு உழைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைப்பற்றி எழுதவேண்டியது நம்மைப் போன்ற நாளிதழ்க்காரர்களின் கடமை. கோல் எண்ணிக்கையை அச்சிட்ட நாம், ஆளை அச்சிடத் தவறக்கூடாது.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இப்போது உல்லாச விடுதியாகிவிட்டது. பழைய இயந்திரங்களின் பாகங்களைத் துடைத்து மினுக்கிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தினர் அவற்றைத் தொட்டுப்பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இயந்திரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. எந்த ஊரில், எந்த நிறுவனம் செய்தது என்ற விவரமும் உண்டு. அங்கே இலை வாட்டியவர்களின் பெயர்களையும் ஒரு சுவரில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று நான் நினைப்பதுண்டு. இந்திய உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் என் கேள்வி அதுவே.